பூக்குழியின் தலைமாட்டில் மாற்றிக் கேட்ட வரம்

நான் கேட்டதை அம்மன் கொடுத்துவிட்டாள். என் துன்பம் அங்கேதான் தொடங்கியது.

நோய் வந்தது, வேண்டினேன், குணமானது என்று அன்பர்கள் எழுதும் அனுபவங்களை நம் ஆலய மலரில் ஆண்டுதோறும் படித்து வருகிறேன். படித்துக் கண் கலங்கியதும் உண்டு. என் கதை அந்த வரிசையில் நேராக உட்காராது. நான் வேண்டினேன், என் மகளின் கால் போனது. அதற்குப் பிறகுதான் அருள் வந்தது. அன்று ஆலயத்தில் இருந்தவர்களுக்குப் பாதி தெரியும். மீதியையும் சொல்லிவிடுகிறேன். வயதாகிவிட்டது, இனி மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் கோலா சிலாங்கூர் வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகளில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஈஜோக்கைத் தாண்டி, எண்ணெய்க்காக நட்ட செம்பனைகளுக்குள் இருக்கும் நம் தோட்டத்து மாரியம்மன் ஆலயத்துக்கு நெடுங்காலம் செயலாளராக இருந்தேன். தீமிதி நாளில் தீயணைப்புப் படைக்குச் சொல்வது, கூடாரம் போடுவது, மைக் கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. பூக்குழியின் நீள அகலம் எனக்கு அத்துப்படி. அதன் சூடு மட்டும் அதுவரை தெரியாது. ஒருமுறையும் இறங்கியதில்லை.

எங்களுக்கு ஒரே மகள், பவானி. திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவள். சின்ன வயதிலேயே கால்கள் நீளம். எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கொடி ஒன்று உண்டு. மற்ற பிள்ளைகள் அதன் கீழே குனிந்து ஓடுவார்கள். இவள் மேலே தாண்டுவாள்.

"என்னங்க, கொடிய ஏத்திக் கட்டுங்க. பிள்ள உங்க வேட்டியத் தாண்டுது" என்பாள் என் மனைவி சரஸ்.

"தாண்டட்டும். உன் சேலையத் தாண்டாம இருந்தா சரி" என்பேன்.

அப்போதெல்லாம் எனக்கும் சிரிப்புத்தான். கொடியை ஏற்றிக் கட்டியதும் நானே. தமிழ்ப்பள்ளி விளையாட்டு நாளில் உயரம் தாண்டுதலில் அவள் பெயரை அழைக்கும்போது என் காதில் தேன் பாயும். அங்கே அவள் முன்னோக்கித் தாண்டினாள். ஒரு கால், அப்புறம் மறு கால், மணலில் நின்றபடி இறங்குவாள். பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டுகிற மாதிரி.

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாம் மாறியது. அங்கே சிக்கு ரோஹானி என்று ஒரு மலாய் ஆசிரியை, சிக்கு என்றால் ஆசிரியர். அவர்தான் என் மகளை முதுகுப்புறமாகத் தாண்டப் பழக்கினார். வளைந்து ஓடி வர வேண்டும். ஒரு காலை ஊன்றி எழும்ப வேண்டும். உடம்பைத் திருப்பி, வானத்தைப் பார்த்தபடி கம்பைக் கடந்து, கழுத்தும் முதுகும் மெத்தையில் பட விழ வேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான் தாண்டுகிறார்கள். எனக்கு அது தெரியாது. பள்ளித் திடலில் முதல்முறை பார்த்தபோது என் மகள் மாடியிலிருந்து மல்லாக்க விழுவதாகவே தோன்றியது.

அந்த வாரம் ஆலயத்தில் பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "பொம்பளப் பிள்ள முதுகடிச்சு விழுந்தா கர்ப்பப்பை எறங்கிடும். நாளைக்கு ஒரு குழந்த தங்காது." நான் பட்டம் பெற்றவன். எறிந்த கல் எப்படி வளைந்து போய் விழும் என்று பலகையில் கோடு போட்டு வாழ்நாளெல்லாம் விளக்கியவன். ஆனாலும் இதை நம்பினேன். எங்களுக்கே குழந்தை தாமதமாகப் பிறந்ததால் அந்தப் பயம் எனக்குள் சுலபமாக இடம் பிடித்துக்கொண்டது.

தடுத்துப் பார்த்தேன். சரஸ் கேட்கவில்லை. தாயும் மகளும் சேர்ந்து தேங்காய் மட்டை நாரை உதறி, சாக்குச் சாக்காய்த் திணித்து, கொல்லையில் அடுக்கி ஒரு மெத்தை செய்துவிட்டார்கள். சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பின்னாலிருந்து தொப் என்று சத்தம் வரும். ஒவ்வொரு தொப்புக்கும் என் பேனா நின்று போகும்.

பவானி மாவட்டத்தில் வென்றாள். மாநிலத்தில் வென்றாள். பிறகு நாட்டுக்காகத் தாண்டப் போனாள். விமானத்தில் போய் விமானத்தில் வந்தாள். ரவாங்கில் ஒரு அலுவலகத்தில் வேலை, காலையிலும் மாலையிலும் பயிற்சி. பதக்கங்களை சரஸ் சாமி அறையில் மாட்டினாள். நான் விளக்கேற்றும்போது அவை பின்னால் மின்னும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு போட்டிக்கும் நான் போனதில்லை. "அப்பாவுக்குக் கூட்டம் ஒத்துக்காது" என்று பவானி தன் தோழிகளிடம் சொல்லி வந்தாள். தீமிதிக் கூட்டத்துக்கு நடுவில் மைக் பிடித்து நின்றவன் நான். அதை அவள் யோசிக்கவில்லையா, யோசித்தும் விட்டுக்கொடுத்தாளா, தெரியவில்லை.

அவளுக்கு இருபத்து நாலு வயதிருக்கும்போது ரவாங்கிலிருந்து ஒரு நல்ல குடும்பம் பெண் பார்க்க வந்தது. எல்லாம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா முறுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"பொண்ணு இன்னும் குதிக்குதுங்களா?"

"ஆமாங்க அத்தை. போன மாசம்கூட பேங்காக்ல குதிச்சேன்" என்றாள் பவானி, தேநீர்த் தட்டோடு.

"எப்ப நிறுத்துவீங்க?"

"கால் சொல்லும்போது."

கடித்த முறுக்கு தட்டுக்குத் திரும்பியது. அவர்கள் போன பிறகு சரஸ் சமையலறையில் விழுந்து விழுந்து சிரித்தாள். "கடிச்ச முறுக்கத் திருப்பி வச்சவங்க வீட்டுக்கா பிள்ளயக் குடுப்பீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, உச்சி வெயில் நேரம், ஆலயத்தில் யாருமில்லை. பூசாரி முனியாண்டி பகலில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், மாலையில்தான் வருவார். சாவி என்னிடம் இருந்தது. கதவைத் திறந்து அம்மன் முன்னால் நின்றேன்.

"தாயே, என் மகள் இந்தக் குதிப்பை விட வேண்டும். எப்படியாவது விட வேண்டும். விட்டால் இந்த ஆண்டே பூக்குழி இறங்குகிறேன்."

மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்தேன். வீட்டுக்கு வந்து சாமி அறையில், பதக்கங்களுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். அந்த 'எப்படியாவது' இருக்கிறதே, அதுதான் இன்னமும் என்னைக் குத்துகிறது. எப்படி என்று அம்மன் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? யோசிக்கவே இல்லை.

சில வாரங்களில் சரஸ் பதக்கங்களைத் துடைக்கும்போது முடிச்சு அகப்பட்டது. அவள் அதை எப்படிப் புரிந்துகொண்டாள் என்று சொல்லத் தேவையில்லை. மகளைக் கூப்பிட்டாள்.

"பாத்தியா உங்கப்பாவ? வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்த சொல்ல மாட்டாரு. உள்ளுக்குள்ள உனக்காக நேந்து வச்சிருக்காரு."

அப்போது ஒரு பெரிய வெளிநாட்டுப் போட்டிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கிளம்புகிற காலையில் பவானி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "அப்பா, நீங்க வேண்டிக்கிட்டது நடக்கும்பா" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையில் கை வைத்து அனுப்பினேன்.

மாலையில் சரஸின் கைத்தொலைபேசி அடித்தது. பவானியின் கால் போய்விட்டது. ஓடி வந்து கடைசி அடியை ஊன்றி எழும்பும் நேரத்தில், இடது குதிகாலில் பின்னாலிருந்து யாரோ ஓங்கி உதைத்த மாதிரி இருந்ததாம். விழுந்தவள், உதைத்தது யார் என்று திரும்பிப் பார்த்தாளாம். பின்னால் யாருமில்லை. குதிகாலுக்கு மேலே இருக்கும் பெரிய தசைநார் அறுந்தால் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். எனக்கோ, உதைத்தவன் யார் என்று தெரிந்துவிட்டது.

அறுவை சிகிச்சை நடந்தது. நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், பழையபடி தாண்டுவதை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்த மகள் ஒரு நாள் முழுக்க கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"போதும்பா. விட்டுடுறேன்."

நான் கேட்ட அதே வார்த்தை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த வாரங்களில் கடவுள் இல்லை என்று நினைத்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். இருக்கிறாள், கேட்டுவிட்டாள் என்று நினைத்ததால்தான் தாங்க முடியவில்லை.

இதற்குள் திருவிழா வந்துவிட்டது. நேர்ந்ததைச் செலுத்தாமல் இருக்க முடியாது. செலுத்தினால், மகளின் கால் போனதற்கு நன்றி சொல்வதாக ஆகும். என்ன செய்வேன்? ஊருக்கோ என் வேண்டுதல் வேறு மாதிரித் தெரிந்திருந்தது. சரஸ் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். செயலாளர் சார் மகள் காலுக்காகப் பூக்குழி இறங்கப் போகிறார். காப்புக் கட்டும்போது முனியாண்டி சிரித்தார்.

"சார், இத்தன வருஷமா நீங்க நெருப்புக்கு ஏற்பாடு பண்ணீங்க. இப்ப நெருப்பு உங்களுக்கு ஏற்பாடு பண்ணுது லா."

விரதம் இருந்தேன். மஞ்சள் வேட்டி கட்டினேன். வழியில் பார்த்த பெண்கள் எல்லாம் "பாப்பா கால் சரியாயிடும் சார், நாங்களும் வேண்டிக்கிறோம்" என்றார்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல நான் இன்னும் கொஞ்சம் குறுகினேன்.

நம் ஆலயத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பூக்குழியின் தலைமாட்டில் நின்று, எதற்காக இறங்குகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பூசாரி அதை உரக்க அம்மனிடம் சொல்லுவார். கூட்டம் "ஓம் சக்தி" என்று சேர்ந்து கேட்கும். அதன் பிறகே இறங்க வேண்டும். நெருப்பின் முன்னால் பொய் சொன்னவன் கால் வெந்துபோகும் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று அங்கே மைக் வைத்தவன் நான்தான். என் காலத்துச் சாதனைகளில் அதுவும் ஒன்று என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கரகம் வந்தது. உறுமி முழங்கியது. கனல் சிவந்து படுத்திருந்தது. வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் தன் மகனின் மேற்படிப்புக்காக இறங்கினார். அடுத்தது நான். குழியின் கால்மாட்டில், பால் ஊற்றும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில் பவானி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல்கள். மடியில் பால் செம்பு. நான் கரையேறியதும் என் காலில் ஊற்றுவதற்காகக் காத்திருந்தாள்.

முனியாண்டி மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார். நான் திரும்பி வரிசையை விட்டு வெளியே வந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, குழியைச் சுற்றி நடந்தேன்.

"பயந்துட்டாரு லா சாரு" என்று யாரோ சொன்னது கேட்டது. "பாவம், வாத்தியார் காலு. சப்பாத்துப் போட்டே பழகினது."

ஒலிபெருக்கியில் முனியாண்டியின் குரல் என்னைத் துரத்தியது. "செயலாளர் சார், வரிசைக்கு வாங்க. செயலாளர் சார்."

பவானியின் நாற்காலிப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சு எதற்காகப் போட்டேன் என்பதை, 'எப்படியாவது' என்று சொன்னதை, அவள் என் காலைத் தொட்ட காலையில் நான் வாய் திறக்காததை. அவள் செம்பைப் பிடித்தபடியே கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது. உறுமிச் சத்தத்தில் அவள் பேசுவது கேட்க நான் தலையை நீட்ட வேண்டியிருந்தது.

"அதனாலதான் ஒரு போட்டிக்குக்கூட வரலயா?"

"ஆமாம்மா."

"எத்தன தடவ வேண்டினீங்க?"

"ஒரே தடவதான்."

பால் செம்பைக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"ஒரே தடவைக்கா? நான் சின்னதுலேருந்து கேக்குறேன்பா. ஒரு விரல் அளவு உயரம்கூட ஏத்திக் குடுக்கல."

நான் அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைத் திட்டினாள்.

"அன்னிக்கு மழ. சரியா வார்ம்-அப் பண்ணல. ஏற்கனவே கால் வலிச்சுக்கிட்டு இருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லல. அது என் தப்பு. நீங்க ஒருத்தர் வேண்டினா அம்மன் உடனே வந்து உதைப்பாளா? உங்க வீட்டு வேலக்காரியா அவ?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா வேண்டினீங்கல்ல. அது எனக்கு வலிக்குது. அத நான் அப்புறமா பாத்துக்கிறேன். இப்ப போங்க. உண்மையச் சொல்லிட்டு எறங்குங்க. பொய் சொன்னா கால் வெந்துடும். வீட்டுல ரெண்டு பேரும் நொண்டினா அம்மா பாவம்."

எழுந்தேன். மறுபடி சுற்றி நடந்து தலைமாட்டுக்கு வந்தேன். மைக் முன்னால் நின்று சொன்னேன்.

"என் மகள் உயரம் தாண்டுவதை விட வேண்டும் என்று வேண்டினேன். அது தப்பு. அவளைக் கேட்காமல் வேண்டினேன். அவள் மறுபடி தாண்ட வேண்டும். அதற்காக இறங்குகிறேன்."

உறுமி நின்றுவிட்டது. முனியாண்டி என்னையே பார்த்தார். இதை அம்மனிடம் எந்தச் சொல்லில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"தாயே, நம்ம செயலாளர் சார் முன்ன தப்பாக் கேட்டுட்டாராம். பழசத் தள்ளிட்டு இத எடுத்துக்க. படிச்சவரு, இனிமே ஒழுங்காக் கேப்பாரு."

கூட்டம் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக "ஓம் சக்தி" எழுந்தது. நம் ஆலயத்தில் அவ்வளவு உரக்க நான் அதைக் கேட்டதில்லை. எப்படி நடந்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கால்மாட்டில் குளிர்ந்த பால் பட்டபோதுதான் நடந்து முடித்திருக்கிறேன் என்று தெரிந்தது. இடது காலில் இரண்டு கொப்புளம். பவானி குனிந்து பார்த்தாள்.

"இது அபராதம்பா" என்றாள்.

சரஸ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வந்தது. பிறகு ஒரு காலையில் "கொப்புளம் ஆறிடுச்சா?" என்றாள். ஆறிவிட்டது என்றேன். "அப்ப எழுந்து போய் அவளோட நில்லுங்க" என்றாள்.

நின்றேன். பவானி சமையலறைப் படியில் குதிகாலை ஏற்றி இறக்கிப் பழகும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த சில மாதங்களில் பெருந்தொற்று வந்தது. நாடே கதவடைத்தது. அதனால் நமக்கு நன்மை வந்தது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நம் ஆலயத்து அன்பர்களே சிலர் அப்போது போய்விட்டார்கள். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். போட்டிகள் எல்லாம் நின்றன. அவளை முந்திக்கொண்டு போக யாருக்கும் வழியில்லை. அறுந்த கால் ஆறுவதற்கு வேண்டிய காலம் முழுசாகக் கிடைத்தது. இடமோ எங்கள் கொல்லை. பழைய நார்ச் சாக்குகளைப் பிரித்து, புது நார் திணித்து, இந்த முறை நானே தைத்தேன். இரண்டு மரத்தூண் நட்டு ஒரு மூங்கிலைக் குறுக்கே வைத்தேன்.

ஒரு நாள் ஓடுவதற்கு அடையாளம் வைத்த இடத்தில் அவள் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். மூங்கில் என் இடுப்பு உயரத்தில்தான் இருந்தது.

"என்னம்மா?"

"பின்னால யாராச்சும் உதைப்பாங்களோன்னு இருக்குப்பா."

நான் போய், அவள் காலை ஊன்றி எழும்பும் இடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். "நான் இங்க நிக்கிறேன். உதைக்க வர்றவன் என்னைத் தாண்டித்தான் வரணும்" என்றேன்.

ஓடி வந்தாள். என் மூக்குக்கு முன்னால் திரும்பி எழும்பினாள். தாண்டும் நேரத்தில் அவள் முகத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். இத்தனை ஆண்டுகளாக அது விழுவது என்றே நினைத்திருந்தேன். அவள் விழவில்லை. கொடியில் காயும் சேலை காற்றில் எழும்புமே, அப்படி மேலே போய், மேலேயே கொஞ்சம் படுத்திருந்துவிட்டு இறங்கினாள். பிறகு தொப் என்றது. அந்தச் சத்தம் அன்று எனக்கு நாயனமாகக் கேட்டது.

ஊரடங்கு தளர்ந்த பிறகு கோலா குபு பாருவில் ஒரு திடலில் மாநிலப் போட்டி நடந்தது. அது நான் போன முதல் போட்டி. அவள் கண்ணைக் காட்டி என்னை வேலி ஓரமாக, தனக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள். விழுந்த கம்பை எடுத்து வைக்கும் இளைஞர் ஒருவர் ஓடி வந்தார்.

"அங்கிள், இங்க நிக்கக்கூடாது."

"அவர் நிக்கட்டும். அவர் என் பாதுகாப்பு" என்றாள் பவானி.

அந்த இளைஞர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுபதைத் தாண்டிய பாதுகாப்பு. சிரித்துவிட்டு ஒதுங்கினார்.

கம்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் நான் குனியாமல் அதன் அடியில் நடந்து போகக்கூடிய உயரம். அவளுக்கு ஒரே வாய்ப்புத்தான் மீதி இருந்தது. எனக்கு வேண்டுதல் நாக்கு வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். எப்படி வேண்டுவது என்று தெரியாதவன் நான் என்பது தெரிந்துவிட்டதே. "தாயே, அவள் என்ன கேட்கிறாளோ அதை அவளோடு பேசிக்கொள்" என்று மட்டும் சொன்னேன்.

எழும்பினாள். முதுகு கடந்தது. கடைசியில் அந்த இடது குதிகால், அறுந்து தைத்த அதே குதிகால், கம்பில் பட்டது. கம்பு ஆடியது. ஆடியது. நின்றது.

நான் "ஓம் சக்தி" என்று கத்திவிட்டேன். திடலில் இருந்த மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். பவானி மெத்தையில் படுத்தபடியே சிரித்தாள். அன்று தங்கம் அவளுக்கு.

பிறகும் சில ஆண்டுகள் தாண்டினாள். நாட்டுச் சட்டையை மறுபடி போட்டாள். விபத்துக்கு முந்தைய தன் உயரத்தைவிட ஒரு விரல் அளவு கூடுதலாகவும் தாண்டினாள். "கேட்டது வந்துடுச்சுப்பா" என்று விரலைக் காட்டினாள். கம்பு எடுத்து வைத்த இளைஞர் ராசா என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். பெண் கேட்டு வந்தார். என் மகள் தாண்டுவாள், சம்மதமா என்று கேட்டேன். "அவங்க தட்டிவிட்ட கம்பையெல்லாம் எடுத்து வச்சவன் நாந்தான் அங்கிள்" என்றார். முறுக்கை முழுசாகத் தின்றுவிட்டுப் போனார். சரஸுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் பவானி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் விட்டுடலாம்னு இருக்கேன். கால் சொல்லிடுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா? இன்னும் ஒரு வருஷம் தாண்டிப் பாரேன். நல்லாத்தானே தாண்டுற" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "அம்மா, இங்க வாங்க. உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு கேளுங்க" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க முதல்ல கேட்டீங்கல்லப்பா, அதான் இது. நேரம் பாத்துக் குடுக்குறா. வாங்கிக்குங்க."

சாமி அறைக்குப் போனேன். பதக்கங்களுக்குப் பின்னால் அந்த மஞ்சள் முடிச்சு அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அம்மன் உண்டியலில் சேர்த்தேன். இரண்டு வேண்டுதலையும் அவள் கேட்டிருக்கிறாள். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதை மட்டும் என்னிடம் விடவில்லை. அந்த நன்றியைச் சொல்லத்தான் இந்தப் பக்கங்கள்.

இப்போது அவள் தோட்டத் திடலில் பெண் பிள்ளைகளுக்கு உயரம் தாண்டுதல் சொல்லிக்கொடுக்கிறாள். சாக்கு மெத்தைக்குப் பதில் நல்ல மெத்தை வந்துவிட்டது. தகப்பன்மார்கள் மெதுவாக என் பக்கம் ஒதுங்கி வந்து, "சார், முதுகடிச்சு விழுந்தா ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்கிறார்கள். நான் மெத்தைப் பக்கம் கையைக் காட்டுகிறேன். ஒன்றரை வயதுப் பேத்தி அந்த மெத்தையின் மேல் ஏறி உருண்டுகொண்டிருப்பாள். இறக்கிவிட்டால் மறுபடி ஏறுவாள்.

அம்மனை நம்புங்கள். துன்பம் வந்தால் அவளிடம் போய்க் கேளுங்கள். ஆனால் யாருக்காகக் கேட்கிறீர்களோ, முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். தப்பாகக் கேட்டுவிட்டீர்களா, பயப்படாதீர்கள், திரும்பிப் போய் மாற்றிக் கேளுங்கள். அவள் கோபிக்கமாட்டாள். கால் சுடாது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு கொப்புளம் வாங்கியவன் நான்.

இந்த ஆண்டுத் திருவிழாவில் தலைமாட்டில் மைக் பிடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் முறை வரும்போது உள்ளதைச் சொல்லுங்கள். வாய் வரவில்லையா, மைக்கை நான் மூடிப் பிடித்துக்கொள்கிறேன். மெதுவாகச் சொன்னால் போதும். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.